சாட்சி சொல்லும் லாக் ஃபைல்

(மூன்றாமாண்டு மாணவர், கணிப்பொறிப் பிரிவு)



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியின் ஜெனரேட்டர் ரூமுக்குள் போனாலும், சுவரில் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பேனா. ஆயில் பிரஷர், தண்ணீர் டெம்பரேச்சர், வோல்டேஜ், ஆம்பியர், டீசல் அளவு என்று மணிக்கு ஒரு வரி எழுதி ஆபரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு லாக் ஷீட் என்று பெயர். ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றுவிட்டால், காலையில் வரும் ஃபோர்மேன் முதலில் கையில் எடுப்பது ஸ்பேனரை அல்ல, அந்த அட்டையைத்தான். இரண்டு மணிக்கே ஆயில் பிரஷர் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அது சொல்லிவிடும்.

சில பேர் எட்டு மணி நேர ரீடிங்கையும் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரே மூச்சில், ஒரே மாதிரி எழுதி வைப்பதும் உண்டு. அட்டை நிரம்பியிருக்கும். ஆனால் ஒன்றும் சொல்லாது!

நாம் ஃபைனல் இயரில் செய்கிற வெப் அப்ளிகேஷனுக்கும் இப்படி ஓர் அட்டை வேண்டும். ஆனால் லேபில் நடப்பது என்ன? புரோகிராம் ஓடவில்லை என்றால் நடுவில் நாலு பிரிண்ட் போடுகிறோம். ஓடியதும், வைவாவுக்கு முதல் நாள் அதையெல்லாம் அழித்துவிடுகிறோம். எக்ஸ்டர்னல் சார் பார்க்கும் பத்து நிமிஷத்துக்கு இது போதும். அதே அப்ளிகேஷனை நாளைக்கு ஒரு கம்பெனியில் ஐம்பது பேர் தினமும் உபயோகித்தால்? ராத்திரி ஒன்றரை மணிக்கு, நாம் யாரும் இல்லாத நேரத்தில் அது தடுமாறினால்? அங்கே என்ன நடந்தது என்று பார்த்தவர் யார்? லாக் ஃபைல் ஒன்றுதான். ஆகவே, லாக் என்றால் என்ன, அதை எப்படி அமைப்பது, அது எழுதாமல் போனால் எங்கெங்கே தேடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த விதம்

லாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு ஓடுகின்றனவோ, அதுதான் கப்பலின் வேகம். கப்பல் வேகத்தை இன்றைக்கும் 'நாட்' என்று சொல்வது இதனால்தான். இந்தக் கணக்கை எழுதி வைத்த புத்தகம் லாக் புக் ஆயிற்று.

கணிப்பொறி உலகில் மிகவும் பேர் பெற்ற லாக் புக் வரி 1947 செப்டம்பர் 9 அன்று எழுதப்பட்டது. அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து லாக் புக்கிலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லோரும் பூச்சியைப் பற்றியே பேசுகிறோம். நாம் கவனிக்க வேண்டியது எழுதிய முறையை. நேரம் 15.45, எஃப் பேனல், 70-வது ரிலே, உள்ளே பூச்சி. எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. நல்ல லாக் வரிக்கு இலக்கணம் இதுவே.

லோடு ஒன்று, டி.சி. இரண்டு

லாக் எதற்கு வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாங்கள் இன்-பிளான்ட் டிரெயினிங் போன ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில், டெஸ்பாட்ச் செக்ஷனில் டெலிவரி சலான் போடுவதற்கு வெப் அப்ளிகேஷன் உண்டு. ஒரு நாள் ஸ்டாக் பார்த்தபோது, ஒரே பார்ட்டிக்கு, ஒரே வண்டி நம்பரில், ஒரே அளவில் இரண்டு டி.சி. பதிவாகியிருந்தன. பார்ட்டியோ ஒரு லோடுதான் வந்தது என்கிறார்.

"டி.சி. ரெண்டு, லோடு ஒண்ணு. மீதி சரக்கு எங்கம்மா போச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"சார், நான் ஒரு தடவைதான் போட்டேன்" என்றார் என்ட்ரி போடும் அக்கா. அவர் கண் கலங்கிவிட்டது. சரக்குத் திருட்டு என்று பேச்சு வந்தால் வேலை மட்டுமா போகும்?

அங்கே சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சர்வரில் இருந்த அக்சஸ் லாக்கைத் திறந்தார். மாலை 6 மணி 42 நிமிஷத்தில் அந்த அக்காவின் கணிப்பொறியிலிருந்து ஒரே ஃபாரம் இரண்டு முறை வந்திருந்தது. இரண்டு வரிக்கும் பன்னிரண்டு செகண்ட்தான் வித்தியாசம். முதல் வரியில் 499 என்ற எண். என்ஜின்-எக்ஸ் என்ற வெப் சர்வர், பதில் போய்ச் சேருவதற்குள் பிரௌசர் இணைப்பைத் துண்டித்துவிட்டால் இந்த எண்ணை எழுதும்.

நடந்தது இதுதான். அந்த நேரத்தில் டேட்டாபேஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததால் பக்கம் வர லேட் ஆனது. அக்கா பட்டனை மறுபடி அழுத்தினார். பிரௌசர் முதல் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் உள்ளே இருந்த அப்ளிகேஷனுக்கு அது தெரியாது. அது முதல் டி.சி.யையும் போட்டு முடித்தது, இரண்டாவதையும் போட்டது! கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டிலும் அந்த வண்டி ஒரு தடவைதான் வெளியே போயிருந்தது. விஷயம் அதோடு முடிந்தது. பட்டனை ஒரு முறை அழுத்தியதும் அது செயலிழக்கும்படியும், ஒரே ஃபாரம் இரண்டு முறை வந்தால் சர்வர் ஏற்காதபடியும் பிறகு மாற்றினார்கள்.

'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள். தீர விசாரிக்க ஏதாவது பதிவு இருக்க வேண்டுமே! அந்த லாக் இல்லையென்றால் விஷயம் வாய்ப் பேச்சாகவே நின்றிருக்கும். வாய்ப் பேச்சில் சம்பளம் வாங்குகிறவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

இதுவே பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே தபால் நிலையக் கிளைகளில் 1999 முதல் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணிப்பொறி முறை புகுத்தப்பட்டது. பணம் குறைகிறது என்று அது காட்டிய கணக்கை நம்பி, 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010-ல் கர்ப்பிணியாகச் சிறை சென்றார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், கிளைக் கணக்கை வெளியிலிருந்தே மாற்ற முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கூறியது. சீமா மிஸ்ரா மீதான தீர்ப்பு 2021-ல் ரத்தானது. மற்றவர்களுக்காக 2024-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். கிளையை நடத்தியவருக்குத் தன் திரையில் தெரிந்தது மட்டுமே தெரியும். உள்ளே யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு அவர் கைக்கு எட்டவில்லை.

அமைப்பது எப்படி?

வெப் அப்ளிகேஷனில் பொதுவாக இரண்டு இடத்தில் லாக் உண்டு. ஒன்று, வாசலில் நிற்கும் வெப் சர்வரின் லாக். யார் வந்தார், எந்தப் பக்கம் கேட்டார், என்ன பதில் போயிற்று என்பது அதில் தானாகவே விழும். இதை கேட் செக்யூரிட்டி நோட்டு எனலாம். இன்னொன்று, நம் அப்ளிகேஷன் லாக். இதை நாம் எழுதினால்தான் உண்டு.

பைத்தானை எடுத்துக்கொள்வோம். 2003-ல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே லாக்கிங் என்ற மாட்யூல் அதனுடன் வருகிறது. தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். லாகர் என்பது செய்தியை வாங்கிக்கொள்பவர். ஹேண்ட்லர் என்பது அதை ஃபைலுக்கோ, திரைக்கோ கொண்டு சேர்ப்பவர். ஃபார்மேட்டர் என்பது வரியை எந்த வடிவில் எழுதுவது என்று தீர்மானிப்பவர். ஜாவா, பி.எச்.பி. படிக்கும் நண்பர்களுக்கும் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும், வேலை இதுவே.

செய்திகளுக்கு ஐந்து தரம் உண்டு.

டீபக் (10): நாம் சரிபார்க்கும்போது மட்டும் தேவைப்படும் நுணுக்கம்.
இன்ஃபோ (20): வழக்கமாக நடந்த காரியம். 'டி.சி. போடப்பட்டது' என்பது போல.
வார்னிங் (30): வேலை நடந்தது, ஆனால் ஏதோ சரியில்லை. 'டேட்டாபேஸ் பதில் தர எட்டு செகண்ட் ஆயிற்று'.
எரர் (40): ஒரு காரியம் நடக்கவில்லை.
கிரிட்டிக்கல் (50): அப்ளிகேஷனே நிற்கும் நிலை.

எல்லாவற்றையும் எரர் என்று எழுதினால், 'புலி வருது' கதையாகிவிடும். உண்மையான எரர் வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு வரியிலும் நேரம், தரம், எந்த மாட்யூல், எந்த யூசர், என்ன காரியம், என்ன முடிவு என்பவை இருக்க வேண்டும். 'ஏதோ தப்பு நடந்துவிட்டது' என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. 'டெஸ்பாட்ச் மாட்யூல், யூசர் எண் 14, டி.சி. எண் 2087, சேமிக்க முடியவில்லை, டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை' என்று எழுதினால், அதைப் படிப்பவர் நேராக டேட்டாபேஸிடம் போவார். பைத்தானில் எக்செப்ஷனைப் பிடிக்கும் இடத்தில் எரர் என்று அழைக்காமல் எக்செப்ஷன் என்று அழைத்தால், எந்த வரியில் விழுந்தது என்ற முழு விவரமும் சேர்ந்து பதிவாகும்.

இன்னொரு நல்ல பழக்கம், உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டோக்கன் எண் கொடுத்து, அது சம்பந்தமான எல்லா வரிகளிலும் அந்த எண்ணை எழுதுவது. ஐம்பது பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்கும்போது வரிகள் கலந்துதான் விழும். டோக்கன் இருந்தால் கிரெப் கமாண்ட் போட்டு ஒருவருடைய கதையை மட்டும் தனியே பிரித்து எடுக்கலாம்.

லாக் வரவில்லையே, ஏன்?

எல்லாம் எழுதியாயிற்று, ஃபைலைத் திறந்தால் காலி! இங்கேதான் பலர் சோர்ந்துவிடுகிறோம். அவசரப்படாமல் கீழ்க்கண்ட வரிசையில் பார்க்க வேண்டும்.

1. சரியான ஃபைலைத்தான் பார்க்கிறோமா? ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், அப்ளிகேஷன் எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்பியதோ அங்கே ஃபைல் உருவாகும். நாம் கையால் ஓட்டும்போது ஒரு இடம்; சர்வரில் சர்வீஸாக ஓடும்போது வேறு இடம். ஆகவே முழுப் பாதையையும் கொடுப்பதே நல்லது.

2. லெவல் என்ன? பைத்தானில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வார்னிங்கும் அதற்கு மேலும்தான் போகும். இன்ஃபோ போட்டுவிட்டு, வரவில்லையே என்று தேடினால் எப்படி வரும்? லாகருக்கு ஒரு லெவல், ஹேண்ட்லருக்கு ஒரு லெவல் என்று இரண்டு கேட் இருப்பதையும் மறக்கக் கூடாது. இரண்டும் திறந்திருந்தால்தான் செய்தி ஃபைலுக்குப் போகும்.

3. செட்டிங் நிஜமாகவே ஏறியதா? பேசிக்-கான்ஃபிக் என்ற ஃபங்ஷன், ரூட் லாகருக்கு ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் ஒன்றும் செய்யாது. எரரும் காட்டாது! வேறு ஏதாவது லைப்ரரி முந்திக்கொண்டிருந்தால் நம் செட்டிங் வீண்தான்.

4. எழுத அனுமதி உண்டா? ஃபைலை நாம் ரூட் யூசராக உருவாக்கியிருப்போம். சர்வீஸ் வேறு யூசர் பெயரில் ஓடும். லினக்ஸில் எல்.எஸ். மைனஸ் எல் போட்டு ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவும்.

5. டிஸ்கில் இடம் உண்டா? டி.எஃப். மைனஸ் எச் போட்டால் தெரியும். டீபக் லெவலை ஆன் செய்துவிட்டு மறந்துபோனால், லாக்கே டிஸ்கை நிரப்பி அப்ளிகேஷனைச் சாய்த்துவிடும். இதற்காகத்தான் லாக்-ரொட்டேட் போன்ற ஏற்பாடு உண்டு. தினமும் பழைய ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து, சுருக்கி, நாள் கடந்ததை நீக்கிவிடும். அவசரத்தில் பெரிய ஃபைலை நாமே டெலீட் செய்தாலும் உடனே இடம் திரும்பாது. அப்ளிகேஷன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

6. ஒரே வரி இரண்டு முறை வருகிறதா? ஹேண்ட்லரை இரண்டு தடவை சேர்த்திருப்போம். அல்லது நம் லாகரும் எழுதி, அதற்கு மேலே உள்ள ரூட் லாகரும் எழுதும்.

7. வரிகள் பாதியில் காணாமல் போகின்றனவா? சர்வரில் அப்ளிகேஷன் நாலு பிராசஸாக ஓடலாம். நாலும் ஒரே ஃபைலில் எழுதி, அதிலே ஒன்று ஃபைலை மாற்றினால் குழப்பம்தான். பல பிராசஸ்கள் நேரடியாக ஒரே ஃபைலில் எழுதுவதற்குப் பைத்தான் லாக்கிங்கில் வழி செய்து தரப்படவில்லை. நாலு பேரும் திரைக்கே எழுதி, சிஸ்டம்-டி அதைச் சேர்த்து வைக்கும்படி செய்வது எளிது.

8. நேரம் பொருந்தவில்லையா? பல சர்வர்களின் கடிகாரம் யு.டி.சி. நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நைட் ஷிஃப்டில் 5-ம் தேதி அதிகாலை 2.15-க்கு நடந்தது, லாக்கில் 4-ம் தேதி 20.45 என்று இருக்கும். இது தெரியாமல் 5-ம் தேதியில் தேடினால், 'அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை' என்று தவறாகச் சொல்லிவிடுவோம்.

9. எல்லோரும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து வருவதாகக் காட்டுகிறதா? 127.0.0.1 என்று இருந்தால், முன்னால் நிற்கும் வெப் சர்வரின் முகவரியைத்தான் அப்ளிகேஷன் பார்க்கிறது. உண்மையான முகவரியை ஹெட்டரில் அனுப்பச் சொல்லி அமைக்க வேண்டும். அப்போதும், மொபைல் நெட்டில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வது உண்டு என்பதால், முகவரியை வைத்து ஆளைத் தீர்மானிக்கக் கூடாது.

10. கடைசியாக, நம் புரோகிராமே வாயை மூடிக்கொண்டிருக்கிறதா? எக்செப்ஷனைப் பிடித்துவிட்டு 'பாஸ்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால், எரர் வந்த தடமே இருக்காது. மேலே சொன்ன ஒன்பதும் சரியாக இருந்தும் லாக் மௌனமாக இருந்தால், இந்தப் 'பாஸ்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்!

எழுதக் கூடாதவை

எல்லாவற்றையும் எழுதி வைப்பதும் ஆபத்து. பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஆதார் எண், ஏ.டி.எம். கார்டு எண் ஆகியவை லாக்கில் வரவே கூடாது. ட்விட்டர் நிறுவனம் 2018 மே மாதத்தில், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் தன் உள் லாக்கில் பதிவாகிவிட்டன என்று கூறி, 33 கோடி பயனாளர்களையும் பாஸ்வேர்டு மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. ஃபாரத்தில் வந்த விவரங்களை அப்படியே லாக்கில் கொட்டும் ஒரே வரி போதும், நம் ப்ராஜெக்டிலும் இது நடந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் எழுத்தை நம்பவும் கூடாது. 2021 டிசம்பரில் உலகத்தையே கலக்கியது லாக்-ஃபோர்-ஜே என்ற ஜாவா லைப்ரரியில் இருந்த ஓட்டை. லாகின் பெட்டியில் ஒரு விசேஷ வரியைக் கொடுத்தால், அதை வெறுமனே எழுதி வைப்பதற்குப் பதிலாக, அந்த லைப்ரரி வெளியே போய் யாரோ வைத்திருந்த புரோகிராமைக் கொண்டுவந்து ஓட்டியது! அபாய அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து. எழுதி வைக்க வந்த கணக்குப்பிள்ளையே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை இது. லைப்ரரிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதில் பாடம்.

சட்டமும் கேட்கிறது

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு வெளியிட்டது. அதன்படி நிறுவனங்கள் தங்கள் கணிப்பொறி லாக்குகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். என்.ஐ.சி. அல்லது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பற்றி அரசாங்கம் ஏன் கவலைப்படுகிறது என்பது, மேலே எட்டாவதாகச் சொன்னதைப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். நேரம் தப்பாகச் சொல்லும் சாட்சியை எந்தக் கோர்ட்டும் நம்பாது.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் நிறையப் பேருடைய வீட்டில் யாராவது ஒருவர் இந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். நாளை நாம் எழுதும் அப்ளிகேஷனில் என்ட்ரி போடப்போகிறவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். கணக்கு உதைக்கும்போது, 'நீதான் தப்பாப் போட்டிருப்பே' என்ற வார்த்தை முதலில் அவர்கள் மேல்தான் விழும். அப்போது அவர்கள் பக்கம் பேச ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டியது நம் கடமை.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, யாராவது ஒரு ஃபிரெண்டை விட்டு ஃபாரம் போடச் சொல்லுங்கள். பிறகு புரோகிராமைப் பார்க்காமல், லாக் ஃபைலை மட்டும் இன்னொரு பாட்ச் மாணவனிடம் கொடுங்கள். எந்த நேரத்தில், யாருக்கு, எந்த இடத்தில், எதனால் வேலை நின்றது என்று அவன் சொல்லிவிட்டால், வைவாவுக்குத் தைரியமாகப் போகலாம்!